முதல் தடுமாற்றம் நிஜ நோயாளியிடம்தான் நடக்கணுமா? ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களும் 'நடிக்கும் நோயாளி'களும்

ஒரு சட்டையை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் அரை நிமிஷம்கூட ஆகாது. யோசிக்கவே மாட்டோம், கை தானாகப் போய்விடும்.

இப்போது, பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்த ஒருவருக்கு அதே சட்டையைத் தானே மாட்டிக்கொள்ளக் கற்றுத்தர வேண்டும். எந்தக் கையை முதலில் நுழைப்பது? செயலிழந்த கையைத்தான். கழற்றும்போது தலைகீழ்: நன்றாக இருக்கும் கை முதலில் வெளியே வரணும். புத்தகத்தில் இது ரெண்டே வரி. பரீட்சையில் கேட்டால் எல்லா மாணவர்களும் எழுதிவிடுவார்கள்.

வார்டில் நிலைமை வேறு. கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் 58 வயது மனிதர். ரெண்டு வாரம் முன்புவரை வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர். "சின்னப் பிள்ளை மாதிரி எனக்குச் சட்டை போடக் கத்துத்தர வந்துட்டியாம்மா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் மனைவி, "விடும்மா, நானே போட்டுவிட்டுடறேன்" என்று சட்டையை வாங்கப் பார்க்கிறார். மாணவிக்குக் கை நடுங்குகிறது. பதற்றத்தில் அந்தச் செயலிழந்த கையைக் கொஞ்சம் வேகமாக இழுத்தால்கூட, பிடிமானம் இல்லாத தோள்மூட்டில் காயம் ஆகலாம்.

எந்தத் தெரபிஸ்ட்டுக்கும் இப்படி ஒரு முதல் நாள் இருக்கும். அந்த முதல் நாளின் தடுமாற்றத்தை யார் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கேள்வி. பயிற்சி மருத்துவமனைகளில் பெரும்பாலும் அதைத் தாங்குவது, வேறு இடத்தில் பணம் கட்டிச் சிகிச்சை பெற முடியாத ஏழை நோயாளி. அவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. 'நீங்கதான் இந்தப் பொண்ணுக்கு முதல் பேஷன்ட்' என்று சொல்வதும் இல்லை.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. பெயர் சிமுலேஷன். தமிழில் சொன்னால், ஒத்திகை.

முதல்ல, ஆக்குபேஷனல் தெரபின்னா என்ன?

'ஆக்குபேஷன்' என்றதும் வேலை, சம்பளம் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பெரியது. ஒரு மனிதர் தன் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களும் அதில் அடங்கும். பல் துலக்குவது, குளிப்பது, சாப்பிடுவது, சமைப்பது, பஸ் ஏறுவது, குழந்தையைத் தூக்குவது, வேலைக்குப் போவது, விளையாடுவது வரை.

விபத்து, பக்கவாதம், மனநலப் பிரச்னை, பிறவிக் குறைபாடு, முதுமை என ஏதோ ஒரு காரணத்தால் இந்தச் செயல்கள் கைவிட்டுப் போகும்போது, அவற்றை மீட்டுத் தருவதுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் வேலை. மீட்க முடியாவிட்டால், அதே செயலை வேறு வழியில் செய்யக் கற்றுத்தருவார்கள். அல்லது வீட்டையே கொஞ்சம் மாற்றுவார்கள்: பாத்ரூமில் ஒரு கைப்பிடி, கைப்பிடி தடிமனான ஒரு ஸ்பூன், படிக்குப் பதில் ஒரு சரிவு.

இந்தத் தொழிலுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பல ஆக்குபேஷனல் தெரபி துறைகளில் ஒரு போலிச் சமையலறையோ, போலிக் குளியலறையோ இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போவதற்கு முன், நோயாளி அங்கே அடுப்பு பற்றவைத்துப் பார்ப்பார், ஒரு கையால் காய் நறுக்கிப் பார்ப்பார். விழுந்தால் பிடிக்க ஆள் இருக்கும் இடத்தில் தப்பு செய்து பார்ப்பது. அதாவது, நோயாளிக்கு ஒத்திகை கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் தொழில் இது.

அப்படிப்பட்ட தொழில், தன் மாணவர்களுக்கு மட்டும் ஒத்திகையே கொடுக்காமல் நேரே வார்டுக்கு அனுப்பினால், அது கொஞ்சம் முரண்தானே?

சிமுலேஷன்னா பொம்மையா?

மருத்துவ சிமுலேஷன் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, சி.பி.ஆர். பயிற்சிக்குப் பயன்படும் 'ரெசஸி ஆன்' பொம்மை. நார்வேயைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லெர்டால் 1960-ல் கொண்டுவந்தது. நெஞ்சை அழுத்தவும் மூச்சு ஊதவும் அந்தப் பொம்மை போதும்.

ஆனால், பொம்மை கோபப்படாது. 'எனக்கு எதுவும் வேணாம், வீட்டுக்குப் போகணும்' என்று அழாது. ஆக்குபேஷனல் தெரபிக்கு இந்தக் கோபமும் அழுகையும்தான் பாடம். அதனால், இங்கே சிமுலேஷன் என்பது பெரும்பாலும் மனிதர்கள்தான். ஒரு நோயாளியின் கதையை, வலியை, பேச்சை, அசைவை மனப்பாடமாகப் பயின்று, ஒவ்வொரு மாணவர் முன்பும் ஒரே மாதிரி நடிக்கும் 'மாதிரி நோயாளி'கள்.

இந்த யோசனையின் தொடக்கம் 1963. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ், ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தார். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸால் கால்கள் செயலிழந்த 'பேட்டி டக்கர்' என்ற நோயாளியாக அவர் நடித்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பரிசோதித்துவிட்டுப் போனார்கள். பிறகு, யார் எப்படி நடந்துகொண்டார் என்பதை அந்தப் 'பேட்டி'யே எடுத்துச் சொன்னார்.

இந்த முறையின் பலம் இதிலேயே இருக்கிறது. ஒண்ணு, எல்லா மாணவர்களுக்கும் ஒரே நோயாளி. அதிர்ஷ்டம் இருந்தால் நல்ல கேஸ் கிடைக்கும், இல்லாவிட்டால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கணும் என்ற நிலைமை இல்லை. ரெண்டு, 'நீ என் கையைப் பிடிச்சப்போ எனக்குப் பயமா இருந்துச்சு' என்று நோயாளியின் இடத்தில் இருந்து ஒருவர் வெளிப்படையாகச் சொல்கிறார். நிஜ நோயாளி அதைச் சொல்வது அபூர்வம். அவர் சகித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

நிஜ வார்டு Vs நடிப்பு வார்டு: ஆஸ்திரேலியா பார்த்த பரீட்சை

கேட்க நன்றாக இருக்கிறது. வேலை செய்யுமா?

ஆஸ்திரேலியாவில் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தன. முடிவுகள் 2018-ல் ஆஸ்திரேலிய ஆக்குபேஷனல் தெரபி ஆய்விதழில் வெளியாகின. மொத்தம் 570 மாணவர்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு வாரம், அதாவது 40 மணி நேரம், வழக்கமான மருத்துவமனைப் பயிற்சி. இன்னொரு பாதிக்கு அதே 40 மணி நேரம் சிமுலேஷன். உடல் மறுவாழ்வு, மனநலம், வேலைக்குத் திரும்புவதற்கான மறுவாழ்வு என மூன்று களங்களில் இது நடந்தது. இடையில் 30 பேர் விலக, சிமுலேஷனில் 275 பேரும் வழக்கமான பயிற்சியில் 265 பேரும் முடித்தார்கள்.

பிறகு பரீட்சை. மதிப்பிடுபவர்களுக்கு, எந்த மாணவர் எந்தக் குழுவில் இருந்தார் என்பது தெரியாது. முடிவு? தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 40 மணி நேர ஒத்திகையில் கற்றுக்கொண்டது, 40 மணி நேர வார்டுப் பயிற்சியில் கற்றுக்கொண்டதற்குச் சமமாகவே இருந்தது.

இதற்கு முன்பே அமெரிக்காவில் நர்சிங் மாணவர்களிடம் பெரிய அளவில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 10 நர்சிங் கல்விநிறுவனங்கள் பங்கேற்ற அதன் முடிவு 2014-ல் வந்தது. மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக மாற்றியபோதும், மாணவர்களின் அறிவிலோ உரிமத் தேர்வுத் தேர்ச்சியிலோ சரிவு தெரியவில்லை. ஆனால், அந்த ஆய்வு ஒரு நிபந்தனையையும் அழுத்தமாகச் சொன்னது: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், நிஜத்துக்கு நெருக்கமான சூழல், முறையான கலந்துரையாடல் எல்லாம் இருந்தால்தான் இந்த முடிவு பொருந்தும்.

அப்போ, வார்டுக்கே போக வேண்டாமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்கணும்.

உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பின் குறைந்தபட்சக் கல்வித் தரத்தின்படி, ஒரு மாணவர் பட்டம் பெறுவதற்குள் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி பெற வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வு சோதித்தது 40 மணி நேரத்தை. கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாலு. மீதி 96 சதவிகிதத்தையும் இப்படி மாற்றலாம் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கோடு தெளிவாகவே போடப்பட்டிருக்கிறது. அங்கே ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் களப்பயிற்சிக்கு ரெண்டு நிலை. தொடக்க நிலையில் சிமுலேஷன், மாதிரி நோயாளி எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. ரெண்டாம் நிலையில் 24 வாரங்கள், முழு நேரம், நிஜ மனிதர்களோடுதான். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

காரணம் எளிது. மாதிரி நோயாளி சாயங்காலம் எழுந்து வீட்டுக்கு நடந்து போய்விடுவார். நிஜ நோயாளியின் கதை அடுத்த நாளும் தொடரும். நேற்று கற்றுக்கொண்டதை இன்று மறந்திருப்பார். போன வாரம் வந்துகொண்டிருந்த மகன் இந்த வாரம் வந்திருக்க மாட்டார். ஆறு வாரம் முயன்றும் அந்த விரல்கள் அசையாமல் போகலாம். அந்த ஏமாற்றத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்வதற்கு எந்த ஸ்க்ரிப்ட்டும் உதவாது.

ஆக, ஒத்திகையின் இடம் முதல் நாளுக்கு முன்னால். வார்டை ரத்து செய்துவிட்டு அந்த இடத்தில் அதை உட்கார வைக்க முடியாது. பயிற்சி மருத்துவமனைகளில் இடம் கிடைக்கவில்லை, வழிகாட்டும் தெரபிஸ்ட் போதவில்லை என்பதற்காகக் கல்லூரிகள் சிமுலேஷன் மணி நேரத்தை ஏற்றிக்கொண்டே போனால், மாணவர் தரப்பு அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

முக்கியமான பகுதி, நடிப்பு முடிந்த பிறகுதான்

சிமுலேஷன் வைக்கும் பல இடங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நடிகர் வந்தார், மாணவர் செய்தார், மார்க் போட்டாச்சு, அடுத்தவர் வாங்க. இது வெறும் பரீட்சை. பதற்றம் கூடும், கற்றல் நடக்காது.

நல்ல சிமுலேஷனில் மூன்று கட்டம் உண்டு. தொடங்கும் முன், என்ன நடக்கப்போகிறது, இங்கே தப்பு செய்யலாம், அதற்காக யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்வது. அடுத்து, காட்சி. மூன்றாவது, 'டீப்ரீஃபிங்'. அதாவது, முடிந்ததும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவது. பல நேரங்களில் காட்சியைவிட இந்தப் பேச்சு அதிக நேரம் பிடிக்கும்.

அங்கே கேட்கப்படும் கேள்விகள் இப்படி இருக்கும்: 'அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டப்போ உனக்கு என்ன தோணுச்சு?' 'மனைவி சட்டையை வாங்கினப்போ ஏன் பேசாம இருந்துட்ட?' 'இன்னொரு தடவை செஞ்சா, எதை மாத்துவ?' பிறகு அதே காட்சியை மறுபடி செய்து பார்க்கலாம். நிஜ வாழ்க்கையில் கிடைக்காத வசதி இந்த 'மறுபடி'தான்.

முதலில் வந்த அந்த மாணவியையே எடுத்துக்கொள்வோம். ஒத்திகையில் அவர் தடுமாறியிருந்தால், டீப்ரீஃபிங்கில் ஒரு விஷயம் புரிந்திருக்கும்: அந்த மனிதருக்குப் பிரச்னை சட்டை இல்லை, மானம். அடுத்த முறை, 'சட்டை போடலாமா?' என்று தொடங்காமல், 'வீட்டுக்குப் போனதும் நீங்க முதல்ல செய்ய நினைக்கிறது என்ன?' என்று தொடங்கியிருப்பார். மனைவியை ஒதுக்கிவிடாமல், 'எப்போ உதவணும், எப்போ காத்திருக்கணும்னு உங்களுக்கும் சொல்லித்தர்றேன்' என்று அவரையும் சேர்த்துக்கொண்டிருப்பார். கையும் நடுங்கியிருக்காது.

ஒரு மணி நேரம் வீல்சேரில் உட்கார்ந்தால் புரிந்துவிடுமா?

சிமுலேஷன் என்ற பெயரில் நடக்கும் இன்னொரு விஷயத்தையும் பிரித்துப் பார்க்கணும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, ஒரு மணி நேரம் வீல்சேரில் சுற்றுவது, கையைக் கட்டிக்கொண்டு சாப்பிடுவது. 'மாற்றுத்திறனாளிகளின் கஷ்டத்தை உணருங்கள்' என்று பல கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் இதைச் செய்கிறார்கள்.

2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைச் சோதித்தது. பங்கேற்றவர்களிடம் இரக்கம் கூடியது. கூடவே பயமும் உதவியற்ற உணர்வும் கூடின. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பார்வை அதனால் மேம்படவில்லை. ஏன் என்று யோசித்தால் புரியும். திடீரென்று கண்ணைக் கட்டிக்கொண்டவர் அனுபவிப்பது முதல் ஒரு மணி நேரத் திகிலை மட்டும். பத்து வருஷமாகப் பார்வையில்லாமல் வேலைக்குப் போய், சமைத்து, குடும்பம் நடத்துபவரின் திறமை அந்த ஒரு மணி நேரத்தில் தெரியவே தெரியாது.

இதற்கு நல்ல மாற்று, அப்படி வாழ்பவர்களையே ஆசிரியராக அழைப்பது. கேஸ் எழுதும்போது அவர்கள் கூட உட்காரட்டும். நடிகருக்குப் பயிற்சி கொடுக்கட்டும். சம்மதம் இருந்தால் அவர்களே அந்தப் பாத்திரத்தை ஏற்கட்டும். அதற்குச் சம்பளமும் வாங்கட்டும். இதில் தமிழ்நாட்டுக்கே ஒரு முன்னோடி உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து, 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமாக இருந்தார். நோயாளி இருக்கும் இடத்தில் இருந்தவரே ஆசிரியரானால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நம்ம ஊருக்கு எப்படி வரணும்?

இந்தத் துறையில் இந்தியா புதிய நாடு கிடையாது. கமலா நிம்ப்கர் 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது, அதைத் தொடங்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறைகள் ஆணையச் சட்டம், இந்தத் தொழிலையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. கல்வித் தரம், பாடத்திட்டம், பதிவு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் வாய்ப்பு இப்போது கையில் இருக்கிறது.

சிமுலேஷன் என்றதும், கோடிக்கணக்கில் செலவு, விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடி, வெளிநாட்டு மென்பொருள் என்று பயப்பட வேண்டாம். ஆக்குபேஷனல் தெரபிக்குத் தேவையான செட் ரொம்ப எளிமையானது. ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் பக்கெட், ஒரு மக், ஒரு வேட்டி, ஒரு புடவை, ஒரு கேஸ் அடுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களோ நாடகக் கலைஞர்களோ நாலு பேர். முக்கியமாக, டீப்ரீஃபிங் நடத்தத் தெரிந்த ஓர் ஆசிரியர். செலவு செய்ய வேண்டிய இடம் இந்தக் கடைசி வரிதான்.

இறக்குமதி செய்யக் கூடாதது ஒன்று உண்டு: கேஸ் ஸ்க்ரிப்ட். மேலை நாட்டு ஸ்க்ரிப்ட்டில் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து ஃபோர்க்கால் சாப்பிடுவார், தனியாக வாழ்வார், 'யார் உதவியும் இல்லாமல் இருக்கணும்' என்பதே லட்சியமாக இருக்கும். இங்கே தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடணும், சோற்றைக் கையால் பிசையணும், இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்காரணும், ஒரு கையால் புடவைக் கொசுவம் வைக்கணும். கட்டிலைச் சுற்றி மாமியார், மகள், நாத்தனார் என்று நாலு பேர் நிற்பார்கள். எல்லாரும் உதவத் தயார். அந்த உதவியே சில நேரம் நோயாளியை எழவிடாது. அன்பாக ஊட்டிவிடும் கையை, யார் மனசும் நோகாமல் எப்படி நிறுத்துவது? நம்ம ஊர் மாணவருக்கு ஒத்திகை தேவைப்படும் காட்சி அதுதான்.

சரி, என்னதான் செய்யலாம்?

முதலாவது, எந்த மாணவரும் நோயாளியைத் தொடும் முன், குறைந்தது அடிப்படைச் செயல்களையாவது (கட்டிலில் இருந்து வீல்சேருக்கு மாற்றுவது, உடை அணிவிப்பது, முதல் உரையாடல்) மாதிரி நோயாளியிடம் செய்து பார்த்திருக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டம் கட்டாயமாக்கலாம். ரெண்டாவது, சிமுலேஷன் எத்தனை மணி நேரம்வரை களப்பயிற்சிக் கணக்கில் வரலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு எழுத்தில் இருக்கணும். மூன்றாவது, டீப்ரீஃபிங் இல்லாத மணி நேரம் கணக்கிலேயே வரக்கூடாது. நான்காவது, கேஸ் எழுதும் மேசையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் நாற்காலி போடணும்.

விமானிகள் சிமுலேட்டரில் பறந்து பார்க்காமல் பயணிகளோடு பறப்பதை இன்று யாரும் ஏற்கமாட்டோம். விமானத்தில் ஏறுபவர் டிக்கெட் வாங்கியவர், கேள்வி கேட்பார். பொது வார்டில் படுத்திருப்பவர் கேட்கமாட்டார். அவர் கேட்கவில்லை என்பதற்காக அவருக்கு மட்டும் விதி வேறாக இருக்கலாமா?

அந்த 58 வயது மனிதருக்கும் ஒரு முதல் நாள்தான் அது. ஒரு கையோடு வாழப்போகும் வாழ்க்கையின் முதல் நாள். எதிரில் நிற்கும் மாணவிக்காவது அது ரெண்டாவது நாளாக இருக்கட்டும்.